முதல் சுற்று திக்கும்

கன்சோல் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது என் தொழில். ஓடினால் யாருக்கும் என் ஞாபகம் வராது, திக்கினால் எல்லோருக்கும் என் ஃபோன் நம்பர் ஞாபகம் வரும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிதான் கன்சோல். பத்துப் பதினைந்து வருடத்தில் பெட்டி செத்துவிடும், வாங்கிய சிடிகள் மட்டும் உயிரோடு இருக்கும். அந்தச் சிடிகளைத் தூக்கிக்கொண்டு தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கடைக்கு வருவார்கள். அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கிற ஒரு சாஃப்ட்வேரை நாங்கள் அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்போம். அதற்கு எமுலேட்டர் என்று பெயர். நடிப்புதானே, எப்போது வசனம் மறக்கும் என்று சொல்ல முடியாது. எந்த மெஷினுக்கு எந்த வெர்ஷன், எந்த செட்டிங் என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். முருகேசன் அண்ணாச்சி கடையில் வைகாசியில் சேர்ந்தேன். "ஆடி முடியுற வரைக்கும் பாப்போம்" என்று அவர் வாயால் சொன்னதுதான் எனக்கு வந்த நியமன உத்தரவு. வீட்டில் அப்பாவும் அதே ஆடியைத்தான் கெடுவாக வைத்திருந்தார். அதற்குள் வேலை நிலைக்கவில்லை என்றால் பி.எட். சேர வேண்டும், போட்டோ ஒட்டிய விண்ணப்பம் என் கையெழுத்துக்காக மட்டும் காத்திருந்தது. பி.எட். படித்தால் டீச்சர். டீச்சர் என்றால் தினமும் நாற்பது பேர் முன்னால் நின்று பேச வேண்டும். மளிகைக் கடையில் "அரைக் கிலோ ரவை" என்று கேட்பதற்கே இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிற ஆள் நான். உங்களில் அப்படி யாராவது இருந்தால், அந்த மூன்று மாதம் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் விளக்கவே வேண்டாம்.

புதுசு

சேர்ந்த முதல் வாரம். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர், கால்பந்து விளையாட்டுச் சிடியோடும் ஒரு கம்ப்யூட்டரோடும் வந்தார். கம்ப்யூட்டருக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த வயதுக்குப் பழைய வெர்ஷன்தான் ஒத்துவரும். புது வெர்ஷன்கள், திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டும் புதுசாக இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டவை. 'சார், உங்க மெஷினுக்குப் பழைய வெர்ஷன்தான் நல்லது' என்ற வாக்கியத்தை நான் தொண்டை வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். அதற்குள் அவர், "இருக்குறதுலயே புதுசு எதுவோ அதப் போடும்மா" என்றார். வாக்கியம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. புதுசையே போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். விளையாட்டு வீரர்கள் எல்லாம் நாற்று நட்ட வயலில் இறங்கி ஆடுவதுபோல் ஆடினார்கள். நான் புதுசை எடுத்துவிட்டு, சில வருடம் பழைய வெர்ஷனைப் போட்டேன். படம் வரைகிற முறையையும் பழையதாக மாற்றி, படத்தின் நுணுக்க அளவான ரெசல்யூஷனைப் பெட்டியில் இருந்த அளவுக்கே இறக்கினேன். பந்து பறந்தது. "இது அதவிடப் புதுசாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் தலை தானாக ஒரு பக்கம் ஆடிவிட்டது. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆலங்குளம் பஸ் கடை முன்னால் நின்றாலே நான் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவேன். அன்று கிளம்பும்போது, கடை முன்னால் உட்கார்ந்து பில் போடும் செல்வி அக்காவிடம் அவர் சொன்னது: "அதான் நான் முதல்லயே சொன்னேன், எதையுமே புதுசாக் கேட்டு வாங்கணும்!"

மூச்சு

பண்பொழியிலிருந்து வந்த ஒரு அம்மா கொடுத்தது, தோட்டம் போட்டுக் காய்கறி விளைவிக்கிற விளையாட்டு. வீட்டுக்காரர் துபாயில் வாங்கி வந்த சிடி. அதைத் தானேதான் விளையாடுவேன் என்று சொன்னதும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஓட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் ஐம்பது என்று நம்பர் காட்டியது. நொடிக்கு அறுபது படம் வந்தால்தான் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று படித்து வைத்திருந்த எனக்கு, அந்த ஐம்பது ஃபெயில் மார்க் மாதிரித் தெரிந்தது. உலகத்தின் சில பக்கங்களில் விற்ற சிடிகள் ஐம்பதுக்கென்றே செய்யப்பட்டவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செட்டிங்கில் போய் ஐம்பதை அறுபதாக மாற்றினேன். நம்பர் அழகாக அறுபதில் நின்றது. நான் நம்பரையே பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நம்பரைப் பார்க்கவில்லை. திரையில் சூரியன் அவசரமாக உதித்து அவசரமாக மறைவதையும், கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் ஓட்டமும் நடையுமாக அலைவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். "ஏம்மா, பாட்டுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

தலையாட்டல்

ஆனி மாதம் பகவதி மதினி வந்தார். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரரும் எங்கள் அண்ணாச்சியும் பழக்கம் என்பதால் அண்ணாச்சிக்கு அவர் மதினி, அதனால் கடையில் எல்லோருக்கும் மதினி. நான் மட்டும் மேடம் என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிவிடுவேன். அவருடைய பிரச்சினை அருவி. மலையில் மழை வலுத்தால் அருவியில் வெள்ளம் வரும், போலீஸ் குளிக்க விடாது. குளிக்கவென்று வந்த கூட்டம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பி, வராந்தாவில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்ளும். அடுத்த நாளுக்கும் சேர்த்து எடுத்த ரூமைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடும். அதனால் கீழ் ஹாலில் நாலு கம்ப்யூட்டர் போட்டு விளையாட்டு வைக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் அவர் மகனின் பழைய கன்சோலையும் பதினோரு சிடிகளையும் ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார்.

"அருவிய அடைக்குற முதல் நாள் இது ஓடணும் அண்ணாச்சி. அன்னைக்கு ஓடலேன்னா நாலையும் தூக்கிட்டுப் போயிரணும்" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆடி மாதம் முழுக்க இருந்தது. "ஒன்ன நம்பித்தான் வாக்குக் குடுக்கேன். இது போச்சுன்னா ஒனக்கும் எனக்கும் சரிப்படாது, என்ன? ஓடுமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மதினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். "இந்தப் பிள்ள தலைய ஆட்டுதே, அது ஆமான்னா இல்லேன்னா?"

நம்பர் பிளேட்

நாலும் ஒரே மாடல், ஏதோ ஆபீசில் இருந்து வந்த பழைய மெஷின்கள். அவற்றில் கொஞ்சம் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டோம். முதல் சிடி கார் பந்தயம், அதில் பன்னிரண்டு டிராக், அதாவது பந்தயப் பாதை. மற்ற பத்துச் சிடிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். எனக்கு ஆசை வந்துவிட்டது. ரெசல்யூஷனை நாலு மடங்கு ஏற்றினேன். சாலையோரப் புல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நிழலை ஏற்றினேன். விளிம்புகளை மழுக்குகிற செட்டிங்கையும் போட்டேன். மெஷினுக்குள் இருந்த ஃபேன், மிக்சியில் தேங்காய் போட்ட மாதிரி கத்த ஆரம்பித்தது. பில் போடும் இடத்திலிருந்து செல்வி அக்கா எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "ஏட்டி, நம்பர் பிளேட்டுல இருக்குற எழுத்து வரைக்கும் தெரியுது. கார்தான் நகர மாட்டேங்குது."

அதன் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங். மாற்றினால் எழுதி வைப்பது. நாலு மடங்கு வேண்டாம், இரண்டு போதும். நிழல் நடுவாக. தினம் ஒரு புது வெர்ஷன் வந்துகொண்டிருக்கும், அதைத் தொடாமல், எல்லோரும் ஓட்டிப் பழகிய நிலையான வெர்ஷன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெள்ளைப் புகை, மழை, குகைக்குள் விளக்கு என்று எந்தக் காட்சி முதன்முதலாக வந்தாலும் எமுலேட்டர் ஒரு நொடி திக்கும். அதை எப்படி வரைவது என்று அந்தக் கார்டுக்காகக் கணக்குப் போடுகிறது. போட்ட கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே காட்சி வந்தால் குறிப்பைப் பார்த்து வரைந்துவிடும், திக்காது. அதனால் நாலு மெஷினிலும் பன்னிரண்டு டிராக்கையும் நானே உட்கார்ந்து ஓட்டினேன். மற்ற வேலைகளுக்கு நடுவே இரண்டு வாரம் பிடித்தது. அண்ணாச்சி என்னைக் கடந்து போகும்போதெல்லாம் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நின்று, வேறு யாரைப் பற்றியோ கேட்பதுபோல் செல்வி அக்காவிடம் கேட்டார்: "இவ வேல பாக்காளா, வெளாடுதாளா?"

எண்ணெய்க் கை

ஆடி பிறந்ததும் மெஷின்களைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் மாட்டினோம். சாரல் மட்டும்தான் இருந்தது, அருவி திறந்திருந்தது, ஹாலில் ஐந்தாறு பேர்தான். அதற்கே நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒருவர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, "கார் எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது, தானா திரும்புது" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். போச்சு என்று நினைத்தேன். குச்சி நடுவில் நிற்கும்போது எவ்வளவு அசைவைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று ஒரு செட்டிங் உண்டு. அதைக் கூட்டினேன், குறைத்தேன். யுஎஸ்பி மாற்றிச் செருகினேன். வெர்ஷன் பிழையோ என்று அந்த வெர்ஷனைப் பற்றி யார் யார் எங்கெங்கே புலம்பியிருக்கிறார்கள் என்று ஃபோனில் தேடிப் படித்தேன். அரை மணி நேரம் போனது. ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் என்று ஒரு பக்கம் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

லாட்ஜில் சமையல் பார்க்கிற சுப்பையா அண்ணன் காபி கொண்டு வந்து வைத்தார். ஜாய்ஸ்டிக்கை இரண்டு விரலால் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். மினுமினுவென்று இருந்தது. விளையாட வந்த எல்லோரும் எண்ணெய் மாலிஷ் முடித்து, அருவிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தவர்கள். உள்ளங்கை முழுக்க எண்ணெய், குச்சி வழுக்காமல் என்ன செய்யும்? சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மனுசன் கைய கழுவுனாத் தீருற சீக்குக்கு, நீ ஏம்மா கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்க?"

கடைசியாக ஒன்று

இரண்டு நாள் கழித்து மலையில் மேகம் கறுத்தது. நாளைக்கு அருவியை அடைத்துவிடுவார்கள் என்று ஊரே சொன்னது. மத்தியானம் குற்றாலத்துக்குப் போய் நாலையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடின. கிளம்பியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் என்னைப் போன்றவர்களுக்கு நிம்மதி கெடும், உங்களுக்கும் அப்படித்தானே? வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நாம். கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவர் என்ற சாஃப்ட்வேருக்கு அப்டேட் வந்திருப்பதாக முதல் மெஷினின் மூலையில் ஒரு அறிவிப்பு நின்றது. போட்டுவிட்டால் நாளைக்கு ஒரு குறையும் இருக்காது என்று தோன்றியது. ஒன்றில் போட்டேன். பிறகு, நாலும் ஒரே மாதிரி இருப்பதுதானே நல்லது என்று மற்ற மூன்றிலும் போட்டேன். விளையாட்டைத் திறந்தேன், முதல் திரை பளிச்சென்று வந்தது. ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அத்தோடு அணைத்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. இவ்வளவு பொறுப்பாக ஒரு வேலை செய்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் வாழ்க்கையில் நானாகவே செய்த சில ஃபோன்களில் அது ஒன்று. செல்வி அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நல்லா ஓடிக்கிட்டிருந்தத எதுக்குட்டி தொட்ட?"

தடை

மறுநாள் காலையிலேயே அடைத்துவிட்டார்கள். நான் லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹால் நிறைந்திருந்தது. தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக நாற்பது பேராவது இருப்பார்கள். கண்ணாடி ஜன்னல் எல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிப்போயிருந்தது. கை கழுவ வாசலில் சோப்பு வைத்திருந்தார் சுப்பையா அண்ணன். நாலு மெஷினிலும் பந்தயம் ஆரம்பித்தது. முதல் வளைவில் நாலு காரும் நின்றன. ஒரு நொடி. மறுபடி ஓடின. முன்னால் போன வண்டியின் புகையில் மறுபடி நின்றன. குகை வாசலில் நின்றன. "திக்குது", "லேக் அடிக்குது", "என்ன இது, டவுன் பஸ் மாதிரி" என்று நாலா பக்கமும் சத்தம். மதினி அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டார். அண்ணாச்சி தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தார்.

அதற்குள் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எமுலேட்டர் குறிப்பு வைத்துக்கொள்கிற ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது. டிரைவர் மாறினால் பழைய குறிப்புகள் செல்லாது என்று எங்கோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் நான் ஓட்டிய ஓட்டம் எல்லாம் நேற்று மாலை நான் அழுத்திய ஒரு பொத்தானில் போய்விட்டது. பழைய டிரைவரைத் திரும்பப் போட்டாலும் அழிந்தது வராது. ஒரே வழி, ஒவ்வொரு மெஷினிலும் பன்னிரண்டு டிராக்கையும் திரும்ப ஒரு தடவை ஓட்டுவது. ஓட்ட நான் ஒருத்தி. காத்திருக்க நாற்பது பேர். அண்ணாச்சி தலையைத் துவட்டாமல் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "மதினி வண்டிக்குச் சொல்லிட்டாங்க, மெஷினத் தூக்கிட்டுப் போக. நீ என்ன சொல்லுத?"

ரோடு

ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் என் வழக்கம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அடுத்து என்ன என்பதும் தெரியும். போட்டோ ஒட்டின விண்ணப்பம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சுப்பையா அண்ணன் "ஏ, சத்தத்தக் கொறைங்கப்பா, பிள்ள என்னமோ சொல்லுது" என்று தட்டைத் தட்டினார். ஹால் அமைதியாகிவிட்டது. அது சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

"முதல் சுத்து திக்கும். ரெண்டாம் சுத்து திக்காது. நேத்து சாயங்காலம் நான் ஒண்ண மாத்திட்டேன், அதனாலதான். மெஷின் மேல தப்பு இல்ல, எம் மேலதான் தப்பு. இந்தப் பன்னிரண்டு டிராக்கையும் ஒவ்வொரு மெஷின்லயும் யாராவது ஒரு தடவ ஓட்டிட்டா எல்லாம் சரியாயிரும். ஜெயிக்க வேண்டாம். எல்லா வளைவையும், எல்லாக் குகையையும் பாத்துட்டா போதும்." இவ்வளவையும் நாற்காலியின் முதுகைப் பார்த்தே சொன்னேன். நிமிர்ந்தபோது மதினி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார், அது எனக்காகவா சாமிக்காகவா தெரியவில்லை. முன் வரிசையில் தலைக்குத் துண்டு கட்டியிருந்த ஒரு கோவில்பட்டி அம்மா எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அப்போ ரோடு போடுறது நாங்க, நாளைக்கு வழுக்கிக்கிட்டு ஓட்டுறது வேற ஆளா? நல்லா இருக்கு நியாயம்!"

திறப்பு

சொல்லிவிட்டு அவரே முதல் மெஷினில் உட்கார்ந்தார். ஹால் சிரித்தது, அவ்வளவுதான், வேலை ஆரம்பித்துவிட்டது. யாரோ மதினியின் காலண்டரின் பின் பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதிச் சுவரில் மாட்டி, ஓட்டி முடித்த டிராக்குக்கு டிக் போட்டார்கள். நாலு மெஷினுக்கு நாலு கட்சி பிரிந்தது. கார் திக்கினால் "ஓடிரு, ஓடிரு" என்று பின்னாலிருந்து கைதட்டினார்கள். ஒருவர் நேராக ஓட்டினார் என்று அவரை எழுப்பிவிட்டார்கள். மூலை முடுக்கெல்லாம் பார்க்காமல் போனால் ரோடு எப்படி விழும் என்று அவருக்குப் பாடம் நடந்தது. நான் மெஷினுக்கு மெஷின் ஓடி ஃபோல்டரைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குறிப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன. வண்டி வந்து வாசலில் நின்றது. மதினி வெளியே போய் வண்டிக்காரரிடம், கொஞ்சம் நில்லு என்று மட்டும் சொன்னார். அந்த வண்டியின் பின்பக்கம் திறந்தே இருந்தது. மத்தியானம் முழுக்க எனக்கு அதுதான் தெரிந்தது.

நாலாவது மெஷினில் பன்னிரண்டாவது டிராக் முடிந்தபோது மணி நாலு இருக்கும். நாலு காரும் வழுக்கிக்கொண்டு ஓடின. அந்த நிமிடம் பார்த்து வாசலில் யாரோ "அருவியத் தொறந்துட்டாங்க!" என்று கத்தினார். துண்டுகள் பறந்தன. ஜாய்ஸ்டிக்குகள் நாற்காலியில் கிடந்தன. கோவில்பட்டி அம்மா மட்டும் திரும்பிப் பார்த்து, "நல்லா வந்துட்டு, பாத்துக்கோ" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். இரண்டு நிமிடத்தில் ஹாலில் மதினி, அண்ணாச்சி, நான். எல்லாம் சரியாகிவிட்ட நேரத்தில் பார்க்க ஆள் இல்லை. மதினி முதல் மெஷினில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுற்று ஓட்டினார். மூன்று தடவை சுவரில் மோதினார். கார் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். "மெஷின் இருக்கட்டும் அண்ணாச்சி. ஆனா அருவிய அடைக்குற அன்னைக்கெல்லாம் இந்தப் பிள்ள இங்கன வந்து நின்னு பேசணும்."

ஆவணி

அப்படியானால் வேலை உண்டா, இல்லையா? அதை மதினி சொல்ல முடியாது, அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும். அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. ஆடி கடைசி வாரம் வரைக்கும் நான் அவர் செருமினால்கூட நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா விண்ணப்பத்தை மேசை மேல், பேனாவோடு வைத்திருந்தார். கேட்டுவிடலாமே என்பீர்கள். நாற்பது பேர் முன்னால் பேசிவிட்டவளுக்கு ஒரு ஆளிடம் கேட்க என்ன பயம் என்பீர்கள். நாற்பது பேர் பதில் சொல்வதைத் தாங்கிவிடலாம், ஒரு ஆள் 'இல்லை' என்று சொல்வதைத் தாங்க முடியாது.

ஆடி கடைசி நாள் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகக் கிளம்பினேன். செருப்பை ஒவ்வொன்றாக மாட்டினேன். செல்வி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல், ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஆவணி. ஒம்பதரைக்கு வந்துரு. இனிமே அது அப்டேட்டு கேட்டா, அண்ணாச்சியக் கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிரு."

இப்போதும் நாலு மெஷினும் வாரத்துக்கு ஒரு தடவை அப்டேட் கேட்கின்றன, நான் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு வருகிறேன், இதற்குத்தான் எங்கள் வீட்டில் நிரந்தர வேலை என்று பெயர்.